வெளுத்த கால்மிதி

பிப்ரவரி 2

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீங்கள் கரையை விட்டுப் போய் ஒரு நாள் முழுதாக ஆகவில்லை, அதற்குள் கடிதமா என்று சிரிப்பாய். சிரி. கப்பல் தபாலில் போட்டால் உங்கள் பாய்மரப் படகுக்கு முன்னாலேயே இது நீங்கள் முதலில் நிற்கப்போகிற தீவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று தபால் ஆபீஸில் சொன்னார்கள். அதனால் துறைமுக ஆபீஸ் விலாசத்துக்கே போடுகிறேன்.

நேற்று வழியனுப்ப வந்தபோது நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. சின்னவரை என்னிடம் விட்டுவிட்டுப் போங்கள் என்று கிளம்ப இரண்டு நாள் முன்னால் தலைகீழாக நின்று கேட்டும் நீங்கள் மசியவில்லை. நீ பல் டாக்டரிடம் வேலைக்கும் மாப்பிள்ளை லிஃப்ட் ரிப்பேருக்கும் போன பத்து வருஷமும் அந்த நாய் பகலெல்லாம் என் சலவைக்கடையில்தானே கிடந்தது? முதலாளி இல்லையா என்று யாராவது கேட்டால், பெரியவள் நான், சின்னவர் அதோ படுத்திருக்கிறார் என்று கையைக் காட்டித்தானே அந்தப் பெயரே வந்தது? பகலில் என் ஆள், ராத்திரியில் உங்கள் ஆள். பாதி நாய் எனக்குச் சொந்தம் என்றதற்கு மாப்பிள்ளை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, அது போகட்டும். கிளம்புவதற்கு முந்தின நாள் நீங்கள் சாமான் வாங்கப் போனபோது படகுச் சாவியை என்னிடம் கொடுத்தீர்களே, நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ஒரு கை பார்த்துவிட்டேன். படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு, சின்னவரின் கம்பளி எல்லாவற்றையும் துவைத்து இஸ்திரி போட்டு வைத்தேன். மேல்தளம் முழுவதையும் சோப்புத் தூள் போட்டுத் தேய்த்தேன். இத்தனை வருஷம் அந்தப் படகைத் தட்டி ஒட்டி உருவாக்கிய மாப்பிள்ளை ஒரு நாளாவது இப்படித் தேய்த்திருப்பாரா?

அப்புறம் அந்தக் கால்மிதி. நினைத்தாலே குமட்டுகிறது. அதைத் துவைத்து எத்தனை மாசம் ஆகிறது? பையில் கட்டிப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வேறு வைத்திருந்தாய். வெளுப்புத் தூளில் ஊறவைத்து மூன்று தண்ணீர் அலசினேன். இப்போது அது கால் துடைக்கிற சாமானா, மெத்தை விரிப்பா என்று உனக்கே சந்தேகம் வரும். அதே பையில் போட்டு அதே இடத்தில் வைத்திருக்கிறேன்.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதற்கு இதுதான் என் மன்னிப்பு. சின்னவர் சாப்பிட்டாரா என்று முதல் வரியில் எழுது.

அக்கா


பிப்ரவரி 11

அக்காவுக்கு,

சின்னவர் சாப்பிடவில்லை. தண்ணீரும் குடிக்கவில்லை. முதல் வரியில் எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன்.

உன் கடிதம் இங்கே எங்களுக்காகக் காத்திருந்தது. கால்மிதி என்ற இடத்துக்கு வந்ததும் அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. இவர் வாங்கிப் படித்தார். மடித்துக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அது அழுக்காக இருந்ததற்குக் காரணம் உண்டு அக்கா. மண்ணைத் தவிர வேறெங்கும் காலைத் தூக்காத நாய் அது. படகில் மண் ஏது? அதனால் ஆறு மாசமாகக் குளியலறையில் அந்தக் கால்மிதியைப் போட்டு, கெஞ்சிக் கொஞ்சி, பிஸ்கட் கொடுத்துப் பழக்கினோம். அவருடைய வாசனை அதில் ஊற ஊறத்தான் அதைக் கண்டதும் போகிற அளவுக்கு வந்தார். அந்த நாற்றத்தை நம்பித்தான் கடலில் இறங்கினோம்.

முதல் நாள் சாயங்காலம் பையைப் பிரித்தேன். வெள்ளை வெளேர் என்று ஒன்று வெளியே வந்தது. பை மாறிவிட்டதோ என்று பெட்டியெல்லாம் கவிழ்த்துத் தேடினோம். சின்னவர் அதை முகர்ந்து பார்த்தார், இரண்டடி பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். மேல்தளத்தில் ஒவ்வொரு மூலையாகக் கூட்டிப் போனோம். எங்கே போனாலும் அதே கதைதான். இரண்டாம் நாள் இவர் கால்மிதியின் மேல் நான்கு காலில் நின்று, எப்படிச் செய்ய வேண்டும் என்று செய்தே காட்டினார். சின்னவர் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்குக் கடைசியாகச் சிரித்தேன்.

அதற்கப்புறம் அவர் தண்ணீர்க் கிண்ணத்தைத் தொடவில்லை. குடித்தால் போக வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் துணியில் நனைத்து வாயில் பிழிந்ததுதான் உள்ளே போனது. வயிறு கல் மாதிரி ஆனது. ராத்திரிதோறும் தூக்கத்தில் கொஞ்சம் கசிந்து கம்பளி நனைந்துவிடும். விழித்துப் பார்த்துவிட்டு, ஏதோ கொலை செய்தவர் மாதிரி மூலையில் முகத்தை மறைத்துக்கொள்வார். திரும்பிவிடலாம் என்று நான் கத்தினேன். காற்று ஒரே பக்கமாக அடிக்கிறது, எதிர்த்துத் திரும்பினால் இரட்டை நாள் ஆகும் என்றார் இவர். சுற்றிலும் தண்ணீர். நான் சின்னவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறு என்ன செய்ய முடியும்?

இங்கே வந்தும் விடியவில்லை. வெளியூர் நாய் எதுவும் கரையில் கால் வைக்கக் கூடாதாம். நோய் வருமாம். படகைத் தள்ளி நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். எதிரே மரங்கள் தெரிகின்றன. சின்னவர் அவற்றைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். நாய் டாக்டர் ஒரு சின்னப் படகில் வந்து குழாய் வைத்துச் சிறுநீரை எடுத்து, ஊசி வழியாகச் சத்துத் தண்ணீர் ஏற்றிவிட்டுப் போனார். இனி தினமும் வருவாராம்.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். அவரை விட்டுவிட்டுப் போங்கள் என்று கேட்டாய், நாங்கள் கேட்கவில்லை. மறுநாளே அந்தக் கால்மிதியைத் தேடி எடுத்து வெளுத்திருக்கிறாய். வேண்டுமென்றே செய்தாயா?

தங்கச்சி


பிப்ரவரி 20

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். இஸ்திரிப் பெட்டியைச் சட்டையின் மேல் வைத்ததை மறந்துவிட்டேன். ஒருவருடைய வெள்ளைச் சட்டை முதுகில் பெட்டியின் அச்சு அப்படியே விழுந்துவிட்டது. இந்தக் கடையில் இது முதல் தடவை.

நாக்கு மேல் பல்லைப் போட்டுக் கேட்டுவிட்டாய். பதில் சொல்கிறேன். நீங்கள் பாதியில் திரும்ப வேண்டும் என்று நான் நினைத்ததுண்டு. படகில் ஏதாவது உடையட்டும், மாப்பிள்ளைக்கு வயிற்றைப் புரட்டட்டும் என்றெல்லாம் நினைத்தேன். அந்த வாயில்லா ஜீவனுக்கு ஒரு வலி வரட்டும் என்று நினைக்க எனக்கு எப்படி மனசு வரும்? கெடுக்க நினைத்திருந்தால் அந்தக் கால்மிதியைக் குப்பையில் போட்டிருப்பேன். மூன்று தண்ணீர் அலசியிருக்க மாட்டேன். அழுக்கைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது என்று உனக்குத் தெரியாதா? சின்ன வயதில் நீ போட்டிருக்கும்போதே உன் சட்டையைக் கழற்றித் துவைத்தவள் நான்.

நீயும்தான் ஒரு வார்த்தை சொன்னாயா? ஆறு மாசம் பழக்கினீர்களாம், என்னிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் நான் சண்டைக்கு வருவேன் என்று பயம். வந்திருப்பேன். ஆனால் கால்மிதியைத் தொட்டிருக்க மாட்டேன்.

இப்படியெல்லாம் உன்னைத் திட்டி எழுத வேண்டும் என்று மனசுக்குள் கூட்டி வைத்துக்கொண்டு வேலை பார்க்கப் போனேன். சோப்புத் தூள் டப்பாவைத் திறந்ததும் கை நின்றுவிட்டது. சின்னவர் குட்டியாக இருந்தபோது, இஸ்திரி போட்டு அடுக்கி வைத்த துணியின் மேல் போய்விட்டார். நான் அவர் மூக்கை அதில் அழுத்தி, இரண்டு வைத்தேன். இந்தச் சோப்பு வாசனை வருகிற எதன் மேலும் போகக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒரே தடவைதான். அதற்கப்புறம் ஒரு கைக்குட்டை கீழே விழுந்து கிடந்தால்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவார். வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிப் பெருமையடித்துக்கொள்வேன்.

அந்தப் படகை மூலை முடுக்கு விடாமல் சோப்புப் போட்டுத் தேய்த்தேனே. அவர் நின்று போக ஒரு சாண் இடம் நான் விட்டுவைக்கவில்லை.

எல்லாவற்றையும் கடல் தண்ணீரில் அலசு. கால்மிதியைச் சேற்றில் போட்டுப் புரட்டு. நான் இங்கே கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா


மார்ச் 1

அக்கா,

நீ எழுதியபடியே செய்தோம். மேல்தளத்தில் எத்தனை வாளி கடல் தண்ணீர் ஊற்றினோம் என்று கணக்கே இல்லை. இவர் கரையிலிருந்து சேறு கொண்டுவந்து கால்மிதியில் பூசினார். சின்னவர் வந்து முகர்ந்தார். சுற்றிச் சுற்றி வந்தார். காலைப் பாதி தூக்கினார். இவர் கையிலிருந்த வாளியை மெல்லக் கீழே வைத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் காலை இறக்கிவிட்டார்.

டாக்டர் தினமும் வந்து குழாய் வைக்கிறார், சத்துத் தண்ணீர் ஏற்றுகிறார். இப்படியே செய்துகொண்டிருக்க முடியாது, உள்ளே புண்ணாகிவிட்டது என்கிறார். மாசக் கடைசிக்குள் படகை எடுத்துவிட வேண்டும் என்று துறைமுகத்தில் சொல்லிவிட்டார்கள். புயல் காலம் ஆரம்பித்தால் இங்கே நிற்க முடியாதாம். அடுத்த கரை, வந்த தூரத்தைவிட அதிகம். சரக்குக் கப்பல் ஒன்று நம் ஊருக்குப் போகிறது என்று கேட்டு ஓடினோம். நாயை ஏற்ற மாட்டேன் என்று கேப்டன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். கடைசியில் டாக்டர், ஊசி ஒன்று இருக்கிறது, வலிக்காது என்றார். நான் அவரைப் படகை விட்டு இறங்கச் சொல்லிவிட்டேன். நல்ல மனுஷர், கோபித்துக்கொள்ளவில்லை.

இவர் தண்ணீர் பம்ப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருக்கிறார். அதில் ஒரு கோளாறும் இல்லை. ஏன் இப்படி என்று கேட்டேன். "லிஃப்ட் நடுவுல நின்னா உள்ள இருக்கிறவங்ககிட்ட, பயப்படாதீங்க, நான் வெளிய இருக்கேன்னு சொல்லுவேன். இங்க நானே உள்ள இருக்கேன்," என்றார். மறுபடியும் பம்ப்பைக் கழற்ற ஆரம்பித்தார்.

இன்னொன்று. பொழுது சாய்கிற நேரம் வந்தால் சின்னவர் படுத்த இடத்திலிருந்து எழுந்து நிற்கிறார். காதை நிமிர்த்திக்கொண்டு என்னைப் பார்க்கிறார். நான் ஏதோ சொல்ல வேண்டும், சொல்லிவிட்டால் போய்விடுவார் என்பது மாதிரி. போங்க, போங்க என்கிறேன். காதில் வாங்குவதில்லை. வெகுநேரம் நின்றுவிட்டுப் படுத்துக்கொள்கிறார்.

நீ வேண்டுமென்றே செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். கேட்டபோதும் தெரியும். யாரையாவது திட்ட வேண்டும்போல் இருந்தது, நீ ஒருத்திதான் கைக்கு அகப்பட்டாய்.

தங்கச்சி


மார்ச் 9

தங்கச்சி,

குசலம் விசாரிக்க நேரமில்லை. பொழுது சாய்கிற நேரம் என்று எழுதியிருக்கிறாயே, அது நான் கடை மூடுகிற நேரம்.

நீ ஒரு நாளும் அந்த நேரத்துக்குக் கடைக்கு வந்ததில்லை. மாப்பிள்ளை வந்து கூட்டிப் போகும்போதோ எல்லாம் முடிந்திருக்கும். அதனால் உங்கள் இருவருக்குமே தெரிய வழியில்லை. ஷட்டரை இழுத்து விடுவேன், தடதடவென்று வந்து தரையில் இடிக்கும். அந்தச் சத்தத்துக்குத்தான் அவர் எழுந்து நிற்பார். உடனே போக மாட்டார். நான் பூட்டைப் போட்டுவிட்டு அவரைப் பார்த்து, "கடை மூடியாச்சு, இனிமே உங்க பாடு," என்பேன். அதற்கப்புறம்தான் பின்பக்கம் போவார். அதுவரைக்கும் கடை திறந்திருக்கிறது, துணி இருக்கிறது, அடக்கிக்கொள்ள வேண்டும் என்பது அவர் கணக்கு. நான் சொல்லிக் கொடுத்ததில்லை, தானாகப் படிந்த வழக்கம். அது ஏதோ எங்கள் இருவருக்கும் உள்ள பேச்சு என்றுதான் இருந்தேன். ஒரு விஷயமாகவே எனக்குத் தோன்றவில்லை.

உன் கடிதம் கிடைத்ததும் துறைமுக ஆபீஸுக்கு ஃபோன் போட்டேன். அந்த நாயைக் கூப்பிடுங்கள், அதனிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றேன். அங்கே இருந்தவர் எந்த நாய், எந்தப் படகு என்று கேட்டுக்கொண்டார். பிறகு, "நாய் இறங்க அனுமதி இல்லைங்க," என்றார். அப்படியானால் என் தங்கச்சியிடமாவது போய்ச் சொல்லுங்கள் என்றேன். படகுகளுக்குச் செய்தி கொண்டுபோக ஆள் இல்லையாம், தபாலில் போடச் சொன்னார். வைத்துவிட்டார்.

என் கடையில்தான் இன்னமும் இருக்கிறார் அவர். கடை மூடவில்லை என்று நின்றுகொண்டிருக்கிறார். மாப்பிள்ளையிடம் சொல். எப்படியாவது அந்த ஷட்டரை இழுக்கச் சொல். இந்தக் கடிதம் நீங்கள் கிளம்புவதற்கு முன்னால் வந்து சேர வேண்டும்.

அக்கா


மார்ச் 18

அக்கா,

வந்து சேர்ந்தது. நாளைக்குக் கிளம்புகிறோம், இன்றைக்குக் காலையில் கிடைத்தது.

சாயங்காலம் சின்னவர் எழுந்து நின்றதும் நீ எழுதிய வார்த்தையைச் சொன்னேன். காதை ஆட்டினார், நகரவில்லை. சத்தம் வேண்டும் என்றேன். படகில் ஷட்டருக்கு எங்கே போவது? இவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு முன்பக்கம் போய் நங்கூரச் சங்கிலியை இரண்டு கையாலும் அள்ளி உயரத் தூக்கி, மேல்தளத்தில் விட்டார். தடதடவென்று விழுந்தது. சின்னவர் அந்தப் பக்கம் திரும்பினார். அவர் உடம்பு முழுக்க ஒரு நடுக்கம். நான் உன்னை மாதிரியே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "கடை மூடியாச்சு, இனிமே உங்க பாடு," என்றேன்.

நேராகப் போய்க் கால்மிதியின் மேல் நின்றார், அக்கா. எவ்வளவு நேரம். முடியவே முடியாது போலிருந்தது. இவர் சங்கிலியின் பக்கத்திலேயே உட்கார்ந்து, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை. சின்னவர் வந்து அவர் காதை நக்கினார். பிறகு கிண்ணத்தில் இருந்த தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

இத்தோடு கடிதத்தை முடித்துவிட ஆசைதான். ஆனால் உன்னிடம் மறைத்தால் நாளைக்கு என் மனசு என்னைச் சும்மா விடாது. டாக்டரைக் கூப்பிட்டுச் சொன்னோம். அவருக்கும் சந்தோஷம்தான். ஆனால் அடக்கி அடக்கி, தண்ணீர் குடிக்காமல் கிடந்து, சிறுநீரகம் இரண்டுமே கெட்டுவிட்டது என்றார். மருந்து கொடுத்திருக்கிறார். எத்தனை நாளைக்கு என்று கேட்டதற்கு, தண்ணீர் நிறையக் கொடுங்கள், பக்கத்திலேயே இருங்கள் என்றார். கேட்டதற்கு அது பதில் இல்லை என்று எனக்கும் புரிந்தது.

உன்னிடம் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்றுதான் இருவருக்கும் ஆசை. காற்று விடாது. இங்கேயும் நிற்க விட மாட்டார்கள். முன்னால் போவதைத் தவிர எங்களுக்கு வழி கிடையாது. பாதி உன்னுடையது என்றாய், அந்தப் பாதியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறேன்.

அடுத்த துறைமுக விலாசம் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

தங்கச்சி


மார்ச் 27

அன்புள்ள தங்கச்சிக்கு,

இதை நீ படிக்கும்போது அந்தப் பக்கக் கரையில் இருப்பாய். சின்னவர் உன்னோடு இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. உன் கையில் இந்தக் கடிதம் கிடைக்கும்போது உனக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரிய இன்னும் எத்தனை வாரமோ. இந்தத் தபாலோடு மல்லுக்கட்டி அலுத்துவிட்டது.

சங்கிலி விழுந்ததை எழுதியிருந்தாயே, அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அதற்குக் கீழே இருப்பதை ஒரு தடவைதான் படித்தேன். மாப்பிள்ளையைப் பற்றி நான் என்னென்னவோ பேசியிருக்கிறேன். அதெல்லாம் வாபஸ் என்று சொல்.

நேற்று ஒருவர் வந்து, கறுப்புக் கோட்டில் நாய் மயிர் இருக்கிறது, என்ன சலவை இது என்று கோபித்துக்கொண்டார். இத்தனை நாள் ஆகியும் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்கிறது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வாங்கி வைத்தேன். அவர் போனதும் அந்த மயிரை எடுத்துச் சோப்புத் தூள் டப்பாவின் மூடிக்குள் ஒட்டி வைத்தேன். பைத்தியம் என்று நினைத்துக்கொள்.

சாயங்காலம் ஷட்டரை இழுத்ததும் வாய் தானாக, கடை மூடியாச்சு என்று சொல்லிவிடுகிறது. யாரும் எழுந்து போவதில்லை. பூட்டைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், எப்படி, எந்த நேரம், என்ன சொன்னார் டாக்டர் என்றெல்லாம் எனக்கு எழுதாதே. என்னால் படிக்க முடியாது. அந்தக் கால்மிதியை அனுப்பிவிடு, நான் புரிந்துகொள்வேன். அலசாதே. எப்படி இருக்கிறதோ அப்படியே அனுப்பு.

அவர் நன்றாக இருந்தால் அனுப்பாதே. அவருக்கே வேண்டியிருக்கும்.

அக்கா


மே 4

அக்கா,

பார்சல் தனியாக வருகிறது. தபாலில் ஏற்ற வேண்டுமானால் மருந்துத் தண்ணீரில் முக்கித்தான் ஏற்றுவோம் என்று இங்கே பிடிவாதம் பிடித்தார்கள். இவர் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சாயங்காலம் வரை தபால் ஆபீஸ் ஜன்னலை விட்டு நகரவில்லை. கடைசியில் அவர்களே முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள்.

துவைக்கவில்லை.

தங்கச்சி